கடைத்தெருவுக்கு எப்படி வந்தீர்கள்?

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். நீங்கள் ரயிலேறிப் போன பிறகு என் மகள், அதாவது உங்கள் மருமகள், என்னைத் தனியாகச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "அப்பா, இனிமே நீங்களும் அத்தையும் போன்ல அரசியல் பேசினதா என் காதுக்கு வந்துச்சுன்னா, குழந்தைய வீடியோல காட்டவே மாட்டேன்" என்றாள். மாப்பிள்ளை பின்னால் நின்று தலையாட்டினார். கடிதத்தைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதற்குள் புகுந்து வெளியே வருவது வியாபாரியின் பிறவிக் குணம்.

பேத்தியின் முதல் பிறந்தநாளில் கேக்கை வெட்டுவதற்கு முன்னால் நாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டோம். லிஃப்டுக்குள்ளேயே மேலும் கீழும் போய் வருகிறவர்களுக்குத் தெருவைப் பற்றி என்ன தெரியும் என்று நான் சொன்னது தப்பு. லிஃப்ட் பரிசோதகர் வேலை என்றால் என்னவென்று மாப்பிள்ளை எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அந்த வார்த்தைக்கு மன்னித்துவிடுங்கள். வாதத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எங்கள் கடைத்தெருவில் வண்டியே வரக்கூடாது, நடப்பவர்கள் மட்டும்தான் வரலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. ஜூனில் வார்டு தேர்தல். அவர்களை எதிர்த்து வியாபாரிகள் சங்கம் என்னை நிறுத்தியிருக்கிறது. நான் விற்பது மெத்தை. மெத்தை வாங்கியவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டா போவான்?

இன்னொன்றும் உண்டு. எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது சாக்கடை வேலை என்று இதே தெருவை ஏழு மாதம் அடைத்தார்கள். என் அப்பா அந்த ஏழு மாதமும் கடைவாசலில் நாற்காலி போட்டு மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வரிசையில் நான்கு கடைகள் மூடிவிட்டன. தெருவை அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் புத்தகத்தை விரித்துக் காட்ட வேண்டியதில்லை.

அன்று நீங்கள் "எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தோரு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் சொந்த வண்டியில்தான் வருகிறார்கள். மழை பெய்கிறது என்று சொல்ல யாராவது துளியை எண்ணுவார்களா?

வீட்டில் எல்லோரும் நலம். என் வீட்டுக்காரி, அதாவது உங்கள் அண்ணி, விசாரித்தாள்.

இப்படிக்கு,
மெத்தைக் கடை சம்பந்தி


மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

மன்னிப்பு கிடைத்தது. பாதி மன்னிப்புத்தான் என்பதால் பாதியை ஏற்றுக்கொண்டேன்.

என் மகனும் அதே மிரட்டலைத்தான் விடுத்தான். ஆக, கடிதமே நடக்கட்டும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பது உங்களுக்கு நல்ல பயிற்சி.

என் வேலையைப் பற்றி என் மகன் அரை மணி நேரம் சொல்லியும் முக்கியமானதை விட்டிருப்பான். ஒரு கட்டிடத்துக்குப் போனால் காவல்காரர் முதலில் சொல்வது, "லிஃப்ட் நல்லாத்தாங்க இருக்கு, பதினஞ்சு வருஷமா நானே போய்ட்டு வர்றேன்." நான் மேலே இயந்திர அறைக்குப் போய், கயிற்றைப் பழந்துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடவிடுவேன். இழை அறுந்திருந்தால் துணியில் சிக்கும். எத்தனை சிக்குகிறது என்று எண்ணுவேன். காவல்காரர் பொய் சொல்லவில்லை. அவர் லிஃப்டில் போனார், கயிற்றைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது மனது என்னவோ செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று வண்டியும் வரவில்லை, மனிதரும் வர முடியவில்லை. தெருவைத் தோண்டிப் போடுவதும், நடக்கத் திறந்துவிடுவதும் ஒன்றாகுமா?

என் கணவர் விபத்தில் போனார் என்று உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் என்று நான் சொன்னதில்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில்தான். நல்ல பகலில், குடையைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது. நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் வண்டிகளைத் தடுக்கச் சொல்லி ஆயிரத்து எண்ணூறு கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். இதை வாதமாகச் சொல்லவில்லை. நீங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள், நான் இதைச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு வாரம் எண்ணுங்கள். கடைக்குள் வரும் ஒவ்வொருவரிடமும், "எப்படி வந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். முகத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஈ ஓட்டும் நாளையும் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முடிவு வந்ததும், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். நானும்தான்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டு நான் படாத பாடு பட்டேன்.

உறையில் "நூற்றுக்கு எண்பது" என்று எழுதி உங்கள் அண்ணியிடம் கொடுத்தேன். அவள் அதை ரவிக்கைத் துணிகளுக்கு அடியில் வைத்து, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னை அவ்வளவு நம்புகிறாள்.

முதல் நாள் காலையில் வந்த அம்மாவிடம், "எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன். "கதவு தொறந்துதானே இருந்துச்சு" என்றார். இன்னொருவர், "உங்ககிட்ட மெத்த வாங்க எதுக்குங்க என் ஜாதகம்?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு உங்கள் அண்ணி கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டால் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். சிலர் எப்படி வந்தார்கள் என்பதோடு ஏன் வந்தார்கள், வீட்டில் யாருக்கு முதுகுவலி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு வாரத்தில் வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சொந்த வண்டியில் வந்தவர்கள் அறுபத்தொன்று. நடந்தும் பஸ்ஸிலும் வந்தவர்கள் நூற்று முப்பத்தொன்பது. மிச்சம் பன்னிரண்டு பேர் சைக்கிள்.

அந்த வாரம் மழை, கணக்கில் வராது என்று சொல்லி அடுத்த வாரமும் எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரில் சொந்த வண்டிக்காரர்கள் ஐம்பத்தைந்து. வெயில் அடித்தும் மாறவில்லை. உங்கள் அண்ணி உறையைப் பிரித்துப் படித்துவிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எப்படி இவ்வளவு தப்பாக நினைத்தேன் என்று நாள் முழுக்க யோசித்தேன். வண்டியில் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், இடம் தேடுகிறான், பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை போடுகிறான். நடந்து வருகிறவள் சத்தமில்லாமல் வந்து, மெத்தையில் படுத்துப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லி, வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். என் நினைவில் யார் நிற்பார்?

மெத்தையைக் காரில் கொண்டுபோவார்கள் என்றேனே, ஒரு மெத்தைகூடக் காருக்குள் நுழைவதில்லை. எல்லாவற்றையும் எங்கள் சின்ன லாரிதான் மறுநாள் காலையில் கொண்டுபோய்ப் போடுகிறது. முப்பத்தோரு வருடமாக அந்த லாரிக்கு நான்தான் முகவரி எழுதிக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. எங்கள் கடை வரிசையை அடைத்துக்கொண்டு நின்ற ஒன்பது வண்டிகள் யாருடையவை என்று ஒருநாள் விசாரித்தேன். ஏழு வண்டி வியாபாரிகளுடையது. செருப்புக் கடைக்காரருக்கு மட்டும் இரண்டு. என் வாசலை மறித்து நின்றது என் வண்டி.

இதையெல்லாம் எழுதிய நோட்டை மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. என் படம் போட்டுச் சுவரொட்டி வேறு அடித்துவிட்டார்கள். படத்தில் நான் மிக உறுதியாக இருக்கிறேன்.

மெத்தைக் கடை


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கட்டிலில் இருந்தேன். வலது கணுக்காலில் மாவுக்கட்டு. ஏழு மாடி ஏறி லிஃப்டைச் சோதித்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தரைத்தளத்தில் ஒரே ஒரு படியில் வழுக்கினேன். ஆறு வாரம் ஊன்றுகோல். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை.

நியாயமாக இந்தக் கடிதத்தில் நான் கொக்கரிக்க வேண்டும். முடியவில்லை, காரணம் சொல்கிறேன்.

போன வாரம் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். நான் கையெழுத்து வாங்கி, நடப்பவர்களுக்கென்று திறந்துவைத்த அதே தெரு. முன்பு பஸ் மருந்துக்கடை வாசலில் நிற்கும். வண்டிகளைத் தடுத்தபோது பஸ்ஸையும் சேர்த்துப் பின் தெருவுக்கு அனுப்பிவிட்டோம். நடந்தால் ஆறு நிமிடம், அதனால் என்ன என்று நானே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அன்று எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. வழியெல்லாம் அழகழகான பூந்தொட்டிகள். உட்கார ஓர் இருக்கை இல்லை.

பாதி வழியில் ஒரு தொட்டி விளிம்பில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கும் இடம் விட்டார். இங்கே பெஞ்ச் போடாமல் விட்டுவிட்டார்களே என்று நான் சலித்துக்கொண்டேன். அவர் சிரித்தபடி, "நாலு வருஷமா இந்தத் தொட்டி மேல உக்காந்து உக்காந்துதான் போறேன். உங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அவருடைய சிநேகிதிகள் மூன்று பேர் கடைத்தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து நகராட்சி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நடப்பவர்கள் இரண்டு மடங்கு என்று அதில் இருக்கிறது, உண்மைதான். தெருவில் நடந்தவர்களை எண்ணியிருக்கிறார்கள். தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களை யாரும் எண்ணவில்லை. எண்ணச் சொல்லி நானும் கேட்கவில்லை. உங்களிடம் உறை, ஊகம் என்று அவ்வளவு சட்டம் பேசினேனே, இந்த விஷயத்தில் நான் எந்த உறையும் ஒட்டவில்லை, அண்ணா. என் கணவர் போன அன்றைக்கே என் முடிவு எழுதப்பட்டுவிட்டது. எண்கள் பிறகு வந்து பொருந்திக்கொண்டன.

தெருவைப் பழையபடி வண்டிகளுக்குத் திறந்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான்கு வருடத்தில் அங்கே ஒருவருக்கும் அடிபடவில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முழுக்கச் சரி என்று இனிமேல் சொல்லவும் முடியாது.

உங்கள் நோட்டிலும் இதே குறைதான். கடைக்குள் வந்தவர்களைக் கேட்டீர்கள். வராதவர்களை யார் கேட்பது?

சம்பந்தி


ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கால் விஷயத்தைக் கேட்டதும் உங்கள் அண்ணி பெட்டியைக் கட்டிவிட்டாள். புதன்கிழமை ரயிலில் வருகிறாள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சொன்னாலும் வருவாள். தனியாக மூன்றாவது மாடியில் ஊன்றுகோலோடு நீங்கள் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. உங்கள் கட்டிடத்து லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்கச் சொன்னாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறாள்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் வாயால் உங்களுக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கூட்டம். செருப்புக் கடைக்காரர்தான் சங்கச் செயலாளர். பேச ஏதாவது புதிதாக வேண்டும் என்று காலையிலிருந்து நச்சரித்தார். மேடையில் ஏறியதும் எனக்கு உங்கள் கடிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. "இன்னொரு ஊர்ல தெருவ மூடினாங்க. அங்க கால் ஒடிஞ்ச ஒரு அம்மா, மருந்து வாங்க முப்பத்தஞ்சு நிமிஷம் ஊன்றுகோல்ல நடந்தாங்க" என்று ஆரம்பித்தேன். பூந்தொட்டி அம்மாவையும் விடவில்லை. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் அப்படியே கட்டுண்டு கேட்டது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை.

நான்கு வருடத்தில் ஒருவருக்கும் அடிபடவில்லை என்று நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. என் நோட்டைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

இறங்கி வரும்போதே ஒரு மாதிரி இருந்தது. அரை மெத்தையை முழு மெத்தை என்று விற்ற மாதிரி.

மெத்தைக் கடை


மே 2

சம்பந்தி அவர்களுக்கு,

அண்ணி நல்லபடியாக வந்து சேர்ந்தார். எனக்குத் தலை வாரிக்கொள்ளக்கூட அனுமதி இல்லாத அளவுக்குக் கவனிக்கிறார்.

என் காலை மேடையில் ஏற்றினீர்கள். உங்கள் நோட்டை டிராயரில் பூட்டினீர்கள். நான் உங்களுக்கு எழுதியது சண்டையில் தோற்பதற்குச் சம்மதம் என்று நினைத்தீர்களா? நான்கு வருடம் நம்பியதைச் சந்தேகப்பட்டு எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தத் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த அம்மா உங்கள் மேடைக்காக அதைச் சொல்லவில்லை.

இரண்டு பாதியையும் அதே ஊர் கேட்கும்படி சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

சம்பந்தி


மே 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் நியாயம் உங்கள் பக்கமே நின்றது. அதனால் முதலில் வேலையைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

வராதவர்களை யார் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். வாக்குக் கேட்கப் போகிற சாக்கில் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஆறு தெருக்களில் நூற்றுப் பதினெட்டு வீடுகளின் கதவைத் தட்டினேன். வாக்குக் கேட்கவில்லை. "எங்க தெருப்பக்கம் ஏன் வர்றதில்ல?" என்று கேட்டேன். சங்கத்துத் துண்டுப் பிரசுரங்கள் பைக்குள்ளேயே கிடந்து கசங்கின.

ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காரி தள்ளுவண்டியைக் காட்டினாள். நடைபாதை முழுக்க வண்டி நிற்பதால் அதை நடுரோட்டில்தான் தள்ள வேண்டுமாம். இன்னொரு வீட்டில், ஒரு காலத்தில் என் அப்பாவிடம் மெத்தை வாங்கியவர், கண் மங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். "ரோட்ட தாண்டறதுக்குள்ள உசுரு போய்டும்பா. அதான் வர்றதில்ல" என்றார். அந்த மெத்தையில்தான் இன்னும் படுக்கிறாராம். அதை இப்போது மெத்தை என்று சொல்ல முடியாது. நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் வண்டிதான் பயம் என்றார்கள். முப்பதுக்குமேல் பஸ் தள்ளிப் போய்விட்டால் இருக்கிற வழியும் போய்விடும் என்றார்கள். வண்டி நிறுத்த இடமில்லை, அதனால் வரவில்லை என்று சொன்னவர்கள் ஏழு பேர்.

போன வெள்ளிக்கிழமை செருப்புக் கடை மாடியில் சங்கக் கூட்டம் நடந்தது. எழுந்து நின்று நோட்டைத் திறந்து எல்லாவற்றையும் வாசித்தேன். கடையில் எண்ணியது, வீடுகளில் கேட்டது, ஒன்பது வண்டியில் ஏழு எங்களுடையது என்பது வரைக்கும். அன்று மேடையில் சொன்ன அம்மா என் சம்பந்தி என்றும், அவர் எழுதியதில் பாதியை நான் விழுங்கிவிட்டேன் என்றும் சொன்னேன். முடித்ததும் குடிக்க ஏதாவது கேட்டேன். யாரும் தண்ணீர் தரவில்லை.

செருப்புக் கடைக்காரர்தான் முதலில் பேசினார். நானும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "நோட்ட கிழிச்சுப் போட்ருப்பா. யாரும் பாக்கல" என்றார், மெதுவாகத்தான்.

"நான் பாத்துட்டேனே."

"அப்ப அவங்க கட்சிக்குப் போய்ட்டியா?"

"எங்கயும் போகல. நம்ம கடைங்க நடக்கணும்னுதான் நேத்தும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். ஆளுங்க எப்படி வர்றாங்கங்கறதுலதான் தப்பா இருந்துட்டேன்."

அதன் பிறகு கூச்சல். என்னை எடுத்துவிட்டு அவரையே வேட்பாளராக நிறுத்திவிட்டார்கள். என் மனுவை நான் திரும்பப் பெறவில்லை, தனியாக நிற்கிறேன். காலையில் சரக்கு வண்டி, பகலில் பஸ்ஸும் மனிதர்களும் மட்டும், கடைக்கு ஒரு பெஞ்ச். இதுதான் என் கட்சி. தொண்டர்கள் யாரும் இல்லை.

மறுநாள் அதே தெருமுனையில், மேடை இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, போன தடவை சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். பதினான்கு பேர் கேட்டார்கள். கைதட்டல் இல்லை. ஆனால் இறங்கி வரும்போது கால் லேசாக இருந்தது.

உங்கள் கால் எப்படி இருக்கிறது?

மெத்தைக் கடை


ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கால் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது. அண்ணி தினமும் எண்ணெய் தேய்த்து, நான் நடப்பதற்குப் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று அடி எண்ணுகிறார். எண்ணும் பைத்தியம் உங்கள் வீட்டில் எல்லோரையும் பிடித்துவிட்டது.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும், "கீழ விழுந்து வைக்காம இருந்தாரே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு துணி மடித்தார். மடித்த துணியையே திரும்ப மடித்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பூந்தொட்டி அம்மாவைத் தேடிப் பிடித்தேன். அவரும் சிநேகிதிகளும் நானும் அண்ணியும் ஒரு வாரம் பின் தெரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, இறங்கியவர்களில் எத்தனை பேர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள் என்று பார்த்தோம். அதற்கு முன் நான் என் ஊகத்தை எழுதி ஒட்டினேன். நூற்றுக்கு ஐந்து என்று எழுதியிருந்தேன். வந்தது பதினேழு. உறையைப் பிரித்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன்.

நகராட்சி அலுவலகத்தில் இருந்த அதிகாரிக்கு என்னை ஞாபகம் இருந்தது. "நீங்கதானேம்மா அன்னைக்கு மூடச் சொல்லி கட்டுக்கட்டா கையெழுத்து கொண்டுவந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க. இப்பவும் மூடியேதான் இருக்கணும். பஸ்ஸுக்கு மட்டும் தொறங்க. உக்கார பெஞ்ச் போடுங்க."

"அப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதது முன்பெல்லாம் எனக்கு அவமானமாகத் தோன்றியிருக்கும்.

பஸ் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கிறார்களாம். பெஞ்சுகளுக்கு உடனே உத்தரவு போட்டுவிட்டார்கள். முதல் பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்ததை நானே பார்த்தேன். உட்கார்ந்ததும், "கொஞ்சம் ஒசரமா போட்டுட்டாங்க" என்றார்.

தேர்தலுக்கு முன் அண்ணியை அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு வாக்காவது வேண்டுமே. முடிவு வந்த பிறகு நானும் வருகிறேன். நேரில் சண்டை போட்டு நாளாயிற்று.

உங்கள் தங்கை


ஜூன் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

தோற்றுவிட்டேன். அமோகமாகத் தோற்றேன். மூன்றாம் இடம், முந்நூற்று நான்கு வாக்குகள். பிளாஸ்டிக் நாற்காலியில் நின்று பேசியதைக் கேட்டவர்கள் பதினான்கு பேர்தான் என்று பார்த்தால் இது பெரிய வெற்றி. செருப்புக் கடைக்காரர் இரண்டாம் இடம். தெருவை மூடச் சொன்ன கோஷ்டியிலிருந்து நின்ற பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், ஜெயித்துவிட்டாள்.

என் வீட்டுக்காரி எனக்குத்தான் போட்டாளா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், "ரகசிய வாக்கெடுப்புன்னா என்னான்னு தெரியாதா?" என்கிறாள். உங்கள் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தான் பேசுகிறாள்.

முடிவு வந்த மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். உங்கள் அண்ணி பழக்க தோஷத்தில், "எப்படிம்மா வந்தே?" என்று கேட்டாள். நடந்துதான் வந்தாளாம். அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். நின்றபடியே படிக்க ஆரம்பித்து, பிறகு மாதிரி மெத்தையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். பஸ் வேண்டும் என்று முப்பது வீட்டுக்குமேல் சொல்லியிருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க ஆளுங்க இத ஒத்துக்க மாட்டாங்களே" என்றாள். என் ஆட்களும்தான் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றேன். சிரித்தாள். மூன்று மாதம் மற்ற வண்டிகளைத் தடுத்து, பஸ்ஸை மட்டும் அனுமதித்து, சோதனையாக நடத்திப் பார்க்கிறார்களாம். எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்றாள். என்னையும் உங்கள் அண்ணியையும் போட்டிருக்கிறார்கள். உங்களிடம் கேட்காமலே உங்களையும் சேர்த்துவிட்டேன், லிஃப்ட் அனுபவம் உண்டு என்று.

நான் என் வண்டியைக் குளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். முதல் வாரம் மூச்சு வாங்கியது. இரண்டாவது வாரம் வழியில் உள்ள கடைக்காரர்களோடு பேச ஆரம்பித்தேன். இப்போது கடை திறக்க நேரமாகிறது.

சோதனை தோற்றுப் போனால் என்ன செய்வீர்கள் என்று உங்கள் அண்ணி கேட்டாள். தோற்றதென்று எழுத வேண்டியதுதான் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கொஞ்சம் பயம் இருக்கிறது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. எண்களைப் பார்த்ததும் அது போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செருப்புக் கடைக்காரர் ஒரு மாதமாக என்னோடு பேசவில்லை. என்னால்தான் தோற்றாராம், அது உண்மையும்கூட. எதிரெதிர்க் கடை, நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது எவ்வளவு வேலை என்று உங்களுக்குத் தெரியாது. இன்று மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உள்ளே வந்தார். கையில் ஒரு நோட்டு. என்னைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான் எண்ண ஆரம்பித்தாராம், அதை அவரே சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"பஸ்ல வந்து, உன் கடைக்கு வந்துட்டு, அப்புறம் என் கடைக்கு நடந்து வர்றவன எதுல எழுதறது? பஸ்லயா, நடையிலயா?"

நானும் என் நோட்டை எடுத்துவந்தேன், தங்கச்சி. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேநீர் வரவழைத்தேன். கடை மூடும்வரை இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் அண்ணன்